எனக்காக இருமியவர்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க எனக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று பெருநகரத்துப் பயிற்சி மையம், இன்னொன்று சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். எட்டு மணிக்கே கடையடைக்கிற ஊரில் யார் குப்பை கொட்டுவது? பெருநகரத்துக்குச் சரி சொல்லிவிட்டேன். பள்ளித் தலைமையாசிரியைக்கு மட்டும், என் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பதால் வர முடியாதென்று எழுதிப்போட்டேன்.

நேற்று அந்தத் தலைமையாசிரியை வீடியோவில் அழைத்தார். என் போதாத காலம், எடுத்துத் தொலைத்தேன். திரை நிறையக் குழந்தைகள். பாட்டி குணமாக வேண்டுமென்று ஆளுக்கொரு அட்டை வரைந்து பிடித்திருந்தார்கள். அடுத்த பருவம் வரை வேலையை எனக்காகவே வைத்திருப்பதாகத் தலைமையாசிரியை சொன்னார். என் முகத்தில் ஈயாடவில்லை.

பாட்டியைப் பார்க்கலாமா என்றாள் ஒரு சிறுமி.

பாட்டி ஸ்டூலில் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்தேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். இறங்கி வந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, குழந்தைகளைப் பார்த்து நன்றாக இருமினார். அவர்கள் கையசைத்தார்கள். அவரும் அசைத்தார்.

அழைப்பு முடிந்ததும் ஸ்டூலில் ஏறிக்கொண்டே கேட்டார்:

"புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குமே. என்னை எப்போ சாகடிக்கப் போறே?"