பொட்டுக்குக் கீழே ஒரு விளக்கு

உலைக்கூடத்தின் திரை பன்னிரண்டு நாற்பதுக்குக் கருத்துப்போனது. இப்போது மணி ஒன்று இருபத்தைந்து. உலைக்குள் பிரேக் பாகங்கள் பழுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் வெப்பம் நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் பதிவாக வேண்டும். ஒரு மணி நேரம் பதிவு அறுந்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் கழிவு.

"இன்னா சாலமோனு, இன்னும் கருப்பாவே கீது?" மேலாளர் ஆதிகேசவன் திரையை விட்டு நகரவில்லை. "நேத்து வரைக்கும் நல்லா ஓடிக்கினு இருந்துச்சு. நீ கைய வெச்ச, பட்த்துக்கிச்சு. ஒண்ணு நாப்பது வரைக்கும் பாப்பேன். அப்பால கழுத்துல தொங்குற பாஸை கேட்ல குட்த்துட்டு போய்க்கினே இரு."

எட்டு மாதம் வேலையின்றிக் கிடந்தபின் நெட்வொர்க் வேலைக்காக வாங்கிய தற்காலிக பாஸ் அது. சாலமோன் மடிக்கணினியில் நேற்றைய மாற்றத்தை மறுபடி பார்த்தான்.

நேற்று அவன் செய்தது இதுதான். தேர்வாய் கண்டிகையின் அந்தத் தொழிற்சாலையில் யார் எந்த வயரை நெட்வொர்க் சுவிட்சின் எந்தத் துளையில் செருகுவார்கள் என்று சொல்ல முடியாது. கருவிகள் அனுப்பும் தகவலுக்கு சுவிட்ச் என்பது கடிதம் பிரிக்கும் மேசை மாதிரி. வழக்கமாக, கடிதம் எந்தத் துளை வழியாக வந்தது என்று பார்த்துத்தான் அலுவலகக் கூடையிலோ இயந்திரக் கூடையிலோ போடும். அந்தக் கூடைகளுக்குப் பெயர் விலான். சாலமோன் அதை மாற்றி, அனுப்புநர் முகவரியைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லியிருந்தான். முகவரியின் முன்பாதி, அதாவது சப்நெட், ஊர்ப்பெயர் மாதிரி. வயரை எங்கே செருகினாலும் ஊர் மாறாது. சோதித்தபோது ஒரு கடிதம்கூடத் தவறவில்லை. அதன் அழகை நினைத்து இரவு அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

உலையின் வெப்ப அளவைத் திரைக்கு அனுப்பும் சிறு பெட்டியிடம் ஓடினான். உலையை இயக்கும் நர்மதா அங்கே நின்றிருந்தாள்.

"யக்கா, இந்தப் பெட்டிய யார்னா நிறுத்துனாங்களா?"

"யார்ரா நிறுத்துவா? நான் இங்கயேதான கீறேன்."

பெட்டி ஈரமாக இருந்தது. முகப்பில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"இது?"

"வெள்ளிக்கெழம இல்ல? ஈரத்துணில தொடைக்க சொல்லோ ஷாக் அட்ச்சா உங்க ஏசுவா வருவாரு? ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணி, கற்பூரம் காட்டி, ஆன் பண்ணேன். அதுக்குப் பேரு நிறுத்துறதா?"

வெள்ளிதோறும் பூஜை நேரத்தில் அவன் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பான். பெட்டியை அணைப்பது அவனுக்குத் தெரியாது. இப்போதுதான் விழித்த பெட்டிக்கு முகவரி கிடையாது. 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று அது எழுதும் முதல் கடிதத்தில் அனுப்புநர் இடம் வெறுமையாக இருக்கும். ஊர் தெரியாத கடிதம் பொதுக் கூடையில், அலுவலகப் பக்கம் விழும். அலுவலகமும் தன் முகவரி ஒன்றைக் கொடுத்து பெட்டியை அங்கேயே வைத்துக்கொள்ளும்; இயந்திரப் பக்கத்துத் திரைக்கு வெப்ப அளவு வந்து சேராது. நேற்று எல்லாப் பெட்டிகளும் விழித்திருந்தன. தூங்கி எழும் பெட்டியை அவன் நினைக்கவே இல்லை.

பெட்டியின் வயர் செருகியிருந்த துளையில் ஊர் தெரியாமல் வருவதெல்லாம் இயந்திரக் கூடைக்கே போகட்டும் என்று எழுதினான். கூடையின் எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தான். மணி ஒன்று முப்பத்தாறு.

"யக்கா, இன்னொரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

அவள் பண்ணினாள். பெட்டி எழ மூன்று நிமிடம் ஆகும். முகவரி கிடைத்தால் விளக்கு பச்சை, கிடைக்காவிட்டால் ஆரஞ்சு.

"ஒண்ணு முப்பத்தொம்போது!" ஆதிகேசவனின் குரல் கூடத்தைக் கடந்து வந்தது.

"வெளக்கு எங்கக்கா?"

நர்மதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொட்டு அதன்மேல்தான் இருந்தது. குங்குமத்துக்கு அடியில் ஏதோ விட்டுவிட்டு மினுங்கியது. எந்த நிறமானாலும் சிவப்பாகத்தான் தெரிந்தது.

"வெள்ளிக்கெழம அதுவுமா பொட்ட அழிக்கக் கூடாதுடா," என்றாள். சொல்லிக்கொண்டே கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, பொட்டின் ஓரத்தில் வைத்தாள்.