கண்ணிமைக்கும் நேரத்தில் கிடைத்த தீர்ப்பு

செங்கல்பட்டில், வக்கீல்களுக்காகப் பழைய தீர்ப்புகளைக் கணினியில் சேர்த்துவைக்கும் அருணகிரியின் நிறுவனத்தில் சுப்ரஜாவுக்கு அது கடைசி வாரம். புனேயில் கணவன் ஷ்ரவண் வீடு பார்த்து வைத்திருந்தான்.

அன்று காலை வக்கீல் மோகன் பதறிக்கொண்டு வந்தார். சதுரங்கப்பட்டினத்து மீனவக் குடும்பம் ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்றும் வழக்கு. அதைத் தடுக்க ஒரு பழைய தீர்ப்பு வேண்டும். நிறுவனத்தின் கணினியில் தேடினார், திரை அசையவில்லை. ஒவ்வொரு தீர்ப்பையும் முதலிலிருந்து படித்துத் தேடும் அந்த முறை, சில ஆயிரம் தீர்ப்புகளுக்குப் போதுமாக இருந்தது. இப்போது லட்சக்கணக்கில் பெருகிவிட்டதால் திணறியது.

சுப்ரஜாவின் கணினியில், கொஞ்சம் தீர்ப்புகளை மட்டும் ஏற்றி அவள் சோதித்துப் பார்த்த வேறொரு தேடல் மென்பொருள் இருந்தது. எந்தச் சொல் எங்கே வருகிறது என்று அது முன்கூட்டியே குறித்துக்கொள்ளும். தீர்ப்புகள் பெருகினால் இன்னொரு கணினியோடு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். காட்டினால் தன்னை விடமாட்டார்கள் என்றுதான் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

மோகனின் முகத்தைப் பார்த்தாள். "இங்க வாங்க சார்," என்றாள்.

கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ப்பு வந்தது. அச்சடித்த தாளோடு அவர் கோர்ட்டுக்கு ஓடினார்.

பின்னால் நின்று பார்த்த அருணகிரி பூரித்துப்போனார். "இதாம்மா நமக்கு வோணும்! எல்லாத்தையும் இதுக்கு மாத்திடு."

"வேற யாராவது மாத்தட்டுமே சார்..."

"இங்க யாருக்கும்மா தெரியும்? நீ பூட்டா நான் இன்னா பண்றது?"

மதியம், வெளியேற்றத்துக்குத் தடை கிடைத்ததாக மோகன் சொல்லி அனுப்பினார். ஆபீசே கைதட்டியது. அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை.

"இன்னும் ஆறு மாசம்," என்றாள் போனில்.

"போன தடவையும் இதையேதான் சொன்னே," என்று ஷ்ரவண் வைத்துவிட்டான்.

சுப்ரஜா தீர்ப்புகளை ஒவ்வொரு வருடமாகப் புதிய தேடலில் ஏற்றத் தொடங்கினாள்.