சதுக்கத்தைப் பார்த்த அறை

இருபத்தாறு வருஷம் அந்தப் பழைய நகரத்துக்குச் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர், ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் மனைவியிடம் கேட்டார்: "நாம ரெண்டு பேரும் ஒரு தடவ அங்க போய்த் தங்கிட்டு வருவோமா?"

அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு, "எங்க தங்கறது?" என்றாள்.

அங்கேதான் சிக்கல். ஊரிலுள்ள ஒவ்வொரு விடுதியும் அவருக்கு அத்துப்படி, ஆனால் வாசல்வரைதான். எங்கே பேருந்து திரும்பும், எந்தச் சந்தில் கண்ணாடியை மடக்க வேண்டும், எந்தத் தோரண வளைவில் கூரை இடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். உள்ளே கட்டில் எப்படி இருக்கும் என்றால் தெரியாது. பயணிகளை இறக்கிவிட்டு, நகர மதிலுக்கு வெளியே ஓட்டுநர் கூடத்தில் பதினாறு கட்டில்களில் ஒன்றில் போய்ப் படுத்துக்கொள்வார்.

விஷயம் கேள்விப்பட்டு மருமகன் போன் செய்தான். அவனுக்கும் அதே டிராவல்ஸில்தான் வேலை.

"மாமா, எதுக்கு அலையறீங்க? டிரைவர் கூடத்துல சொல்லி வைக்கறேன். அத்தைக்கு ஒரு தடுப்பு போட்டுத் தருவாங்க. பழகின இடம்."

"பழகினது போதும்."

"அப்ப ஹைவே மேலயே புதுசா ஒண்ணு கட்டியிருக்கான்..."

"ஹைவேயப் பாக்கவா போறேன்? அதத்தான இத்தன வருஷமாப் பாத்தேன்."

இரண்டு வாரம் அவர் மனைவி மகளின் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நீச்சல் குளம் இருந்த விடுதிகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டாள். கடைசியில் ஒன்றின் மேல் விரலை வைத்தாள். கல் பாவிய சதுக்கத்தின் ஓரத்தில் நாலு மாடிக் கட்டடம். எதிரே மணிக்கூண்டு, பக்கத்தில் தேவாலயம்.

"இதுல முன்பக்க அறை. ஜன்னலத் திறந்தா சதுக்கம் தெரியணும். இல்லன்னா நான் வரல."

அவர் படத்தையே பார்த்தார். அந்த வாசலில் எத்தனையோ தடவை பெட்டிகளை இறக்கியிருக்கிறார். ஒரு மழைநாளில் உள்ளே சோபாவில் உட்கார்ந்தவரை, "டிரைவருங்க வெளிய" என்று எழுப்பிவிட்டதும் அங்கேதான். அதை அவளிடம் அவர் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"இதையே புக் பண்ணச் சொல்லு," என்றார்.

போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. மேனேஜர் அவரைக் கண்டதும் சிரித்தார்.

"என்னண்ணே, பஸ்ஸ எங்க விட்டீங்க?"

"பஸ் இல்ல. தங்க வந்திருக்கோம்." முன்பதிவுத் தாளை நீட்டினார்.

மேனேஜர் தாளைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், குரலைத் தணித்தார். "நீங்க நம்ம ஆளு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. முப்பத்தஞ்சு பேர் குரூப் ஒண்ணு வருது. முன்பக்கம் முழுசா வேணுமாம். உங்களுக்குப் பின்பக்கம் தரேன். அதே கட்டில், அதே மெத்தை. ஜன்னல்தான் பார்க்கிங் பக்கம்."

'சரிங்க' என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் அப்படிச் சொல்லியே வண்டி ஓட்டியவர். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள், இவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தபடி நின்றாள்.

"சரிவராதுங்க," என்றார். "முன்பக்கம்னுதான் எழுதியிருக்கு."

"படுக்கறதுக்குத்தானண்ணே..."

"படுக்கறதுக்குன்னா வீட்லயே படுத்திருப்பேன்."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க. அவங்க வந்துட்டா என் தலைதான் உருளும்."

"நாங்க உக்காந்திருக்கோம். சாவிய எடுத்து வச்சுட்டுக் கூப்பிடுங்க."

நேராகப் போய் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார். மனைவி கண்ணாடி மேசையில் செய்தித்தாளை விரித்து, டிபன் பாக்ஸை எடுத்து வைத்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "அம்மா, இங்க சாப்பிடக் கூடாதும்மா."

"ரூமக் குடுங்க, அங்க போய்ச் சாப்பிடறோம்," என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள்.

பாதிச் சாப்பாட்டில் பேருந்து வந்தது. கூட்டம் பெட்டிகளோடு உள்ளே நுழைந்தது. குழுவை அழைத்து வந்த பெண்மணி மேசையையும் மேனேஜரின் முகத்தையும் பார்த்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

மேனேஜர் வாயெடுப்பதற்குள் இவர் எழுந்து நின்றார். "உங்களுக்காக எங்க அறையக் கேக்கறாருங்க. நான் தர மாட்டேன்."

"நாங்க அப்படிக் கேக்கலையே," என்றார் அந்தப் பெண்மணி. "பக்கத்துப் பக்கத்துல கிடைச்சா நல்லதுன்னு சொன்னோம், அவ்வளவுதான்."

மேனேஜர் காதைச் சொறிந்தார். அப்புறம் சாவியைக் கொண்டுவந்து செய்தித்தாளின் ஓரத்தில் வைத்தார்.

அறை மூன்றாம் மாடியில். மனைவி ஜன்னலைத் திறந்து, இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி வெகுநேரம் நின்றாள். மழை கழுவிய கற்கள், புறாக்கள், மணிக்கூண்டு நிழலில் படம் எடுக்கிறவர்கள். நேர் கீழே, அந்தக் குழு வந்த பேருந்து. அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான் 'நாற்பது'. நாற்பதுக்கு மேல் வேகம் போகமாட்டான் என்பதால் கூட ஓட்டியவர்கள் வைத்த பெயர்.

அவர் கைதட்டிக் கூப்பிட்டார். "டேய், மேல வா."

நாற்பது அண்ணாந்து பார்த்தான். "வேணாம்ணே. திட்டுவாங்க."

அவரே இறங்கிப் போய் அவன் தோளில் கைபோட்டு, முன்வாசல் வழியாகவே கூட்டி வந்தார். மேனேஜர் தலையை நிமிர்த்தினார். "என் விருந்தாளி," என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் படியேறினார்.

கொஞ்ச நேரத்தில் அறையில் போன் அடித்தது. வெளியாட்கள் அறைக்குள் இருக்கக் கூடாதாம்.

"வெளியாள் யாரும் இங்க இல்லங்க," என்று போனை வைத்தார்.

நாற்பது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். "நல்லாச் சாஞ்சு உக்காருங்க தம்பி," என்று மனைவி அவன் கையில் டீயைக் கொடுத்தாள். மூன்று பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கூட்டம் பெட்டிகளை அறையில் வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.