வலது மடிப்பு மேலே இருந்த போட்டோ

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. மலாக்காவில், ரசம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள் என்று தெரிந்ததும் பக்கத்து இலை அம்மாள் சொன்னார்: "எங்கம்மா ஒரு போட்டோவால அரை நாள் முண்டச்சியா இருந்திச்சி. அத எழுதுங்களேன்லா."

என் கையில் அப்பளம் நொறுங்கியது. மீதியைச் சொல்லிக்கொண்டே வந்தவரை, முடிவுக்கு முன்னால் மணமக்களை வாழ்த்தக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு தேடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முடிவு என்னவாக இருக்குமோ என்ற பயம்தான்.

2

முதல் தொடக்கம்: "கப்பல் கோபே துறைமுகத்தை நெருங்கியபோது குஞ்சம்மாவின் நெஞ்சு..."

அடித்துவிட்டேன். அவள் கப்பல் ஏறினாளா என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டாவது: 1935. சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். குஞ்சம்மா அங்கே பால் வெட்டுகிறவள். மூன்று வயதில் ஒரு மகள். கணவன் மருதமுத்து (இந்தப் பெயரை நான் சொல்லலாம், அவள் சொல்லமாட்டாள்) இரண்டு வருஷமாக ஜப்பானில், கோபே நகரத்தில், ஓர் இந்தியத் துணிக் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்க்கிறான்.

சரி, இதுவே இருக்கட்டும்.

அவன் கடிதங்களைத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி ராமையா படித்துக் காட்டுவார். வாசலிலேயே செருப்பைக் கழற்றுவது, எதற்கெடுத்தாலும் குனிந்து வணங்குவது, எல்லாம் எழுதுவான். அக்கம்பக்கமெல்லாம் தன்னிடம் உயிராக இருப்பதாகவும் எழுதுவான். அந்த மாதம் வந்த கடிதம் இப்படிப் போனது: "வீட்டில் குளிக்கும் அறை கிடையாது. தெருக்கோடியில் குளியல் கடை. காசு கொடுத்துவிட்டு எல்லாரும் ஒரே வெந்நீர்த் தொட்டியில், துணியில்லாமல். முதல் நாள் நான் உடம்பில் சோப்போடு தொட்டிக்குள் இறங்கிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்."

"அம்மணமாவா?" என்றாள் குஞ்சம்மா.

"பொம்பளைங்களுக்குத் தனிப் பக்கமாம்லா," என்றார் ராமையா, தலை நிமிராமல்.

"தனியா இருந்தா மட்டும்? நான் போமாட்டேன், கிராணி ஐயா."

ஆனால் கேள்வியே அதுதான். கடிதத்தின் கடைசி வரி: "நீயும் பிள்ளையும் வந்தால் கம்பெனி கப்பல் டிக்கெட் எடுக்கும். வராவிட்டால் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவேன். உடனே பதில் போடு."

கூடவே ஒரு போட்டோ. ஜப்பான்காரர்களின் நீண்ட அங்கி உடுத்தி, கையில் குடையோடு நிற்கிறான். அவனுடைய அக்கா பெத்தம்மாள் அதைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஆம்பளைக்கு இதெல்லாம் தானா கட்டத் தெரியுமா? எவ கட்டிவிட்டாளாம்? கேட்டு எழுதச் சொல்லு புள்ள, சக்களத்தி பேரு என்னான்னு!"

"நீங்க சும்மா இருங்க மதினி," என்றாள் குஞ்சம்மா. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. போவதில்லை என்று முடிவெடுத்தாள். படத்தைப் பெரிதாக்கி மாட்டினால் போதும். பிள்ளை அப்பன் முகத்தை மறக்காமல் இருக்கும்.

3

மலாக்காவில் போட்டோ கடை வைத்திருந்தவர் நிஷிமூரா என்ற ஜப்பான்காரர். (பெயர் நான் வைத்தது.) பேச்செல்லாம் பசார் மலாய், கடைத்தெருவில் எல்லா இனத்தாரும் பேசுகிற கலப்பு மலாய். படத்தைக் கையில் வாங்கியவரின் முகம் மாறியது. எழுந்து நின்றார்.

"இவர் யார்?"

"என் வீட்டுக்காரர்."

"பெயர்?"

குஞ்சம்மா தலை குனிந்தாள். புருஷன் பெயரை எப்படி வாயால் சொல்வது? அவர் அந்த மௌனத்தைப் பார்த்தார், பெரிய படம் கேட்டு வந்திருப்பதைப் பார்த்தார், மறுபடி அந்த அங்கியைப் பார்த்தார். இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு மெல்லக் கேட்டார்:

"எப்போது இறந்தார்?"

[இந்த இடத்தில் ஒரு பெரிய வர்ணனை இருந்தது. மின்னல், இடி, தேக்குமரம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான். படத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். புருஷன் இருக்கிற நாட்டுக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும் என்றுதான் நினைத்தாள்.]

4

தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், ஒப்பாரி தொடங்கிவிட்டது. இரண்டு பக்கம் எழுதினேன். என் வாசகிகள் கண் கலங்குவார்கள் என்று தெரியும். ஆனாலும் கிழித்தேன். வளையலை உடைக்க வந்தவர்களைப் பெத்தம்மாள் தள்ளிவிட்டதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

"தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்! என் தம்பிக்கி ஒண்ணும் ஆவல. தந்தி வந்துச்சா? வரட்டும், அப்பறம் அழுங்கடி!"

சொன்னவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள்.

ராமையா ஓடிவந்து படத்தை வாங்கிப் பார்த்தார். "குடை புடிச்சிக்கிட்டு நிக்கிறான். செத்தவன் எப்படி நிப்பான்? வா தங்கச்சி, அந்த ஆளையே கேப்போம்."

5

மத்தியானம், மறுபடி போட்டோ கடை. நிஷிமூரா விஷயம் புரிந்ததும் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். ஒரு துணியைத் தோளில் போட்டுக் காட்டினார். அங்கியின் வலப்பக்கத்தை முதலில் உள்ளே மடிக்க வேண்டும். இடப்பக்கம் அதன்மேல் வரவேண்டும். வலது மடிப்பு மேலே வருவது பிணத்துக்கு மட்டும். படத்தில் வலதுதான் மேலே இருந்தது.

(படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மருதமுத்து பிறந்ததிலிருந்தே இடது காது மடல் பிளந்தவன். படத்திலும் இடதுதான்.)

குஞ்சம்மா சுவரில் சாய்ந்து சிரித்தாள், அழுதாள். ஆனால் நிஷிமூராவின் முகம் தெளியவில்லை.

"அங்கே போய் எத்தனை நாள்?"

"ரெண்டு வருஷம்."

"இரண்டு வருஷமா?" அவர் குரல் இறங்கிப்போனது. "ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். தெருவில் பார்க்கிற கிழவிகூட நிறுத்திச் சரிசெய்துவிடுவாள். அவருக்குச் சொல்ல ஒருவர்கூட இல்லையா?"

சக்களத்தி இல்லை. அது புரிந்து அவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அக்கம்பக்கம் உயிராக இருப்பதாக எழுதினாரே? சோப்போடு இறங்கியபோது எல்லாரும் சிரித்தார்கள் என்றாரே?

"அந்தத் தொட்டியில சோப்போட எறங்கினா என்னா செய்வாங்க?" என்று கேட்டாள்.

"சோப்பை வெளியே கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும்," என்றார் நிஷிமூரா. "ஒன்றும் சொல்லமாட்டார்கள். எழுந்து வெளியே போய்விடுவார்கள்."

இறந்துவிட்டார் என்று கேட்டபோதுகூட அவளுக்கு இப்படி ஆகவில்லை. நடுத் தொட்டியில் தனியாக ஒரு மனிதன். சுற்றிலும் வெறும் வெந்நீர்.

6

என் வழக்கமான முடிவு தயாராகவே இருந்தது. துறைமுகம், மழை, அவன் குடையின் கீழ் அவள். எழுதியும் பார்த்தேன். ஆனால் அந்தக் கரையில் இறங்கினால் தொட்டியில் தனியாக உட்காரப்போவது இரண்டு பேராகிவிடும், பிள்ளையோடு மூன்று. மற்ற முடிவில் அவள் இங்கேயே இருக்கிறாள். அவனுக்கு இன்னும் மூன்று வருஷம் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். என்னால் இரண்டையும் எழுத முடியவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமைத் தபாலுக்குள் பதில் எழுத ராமையா ஆபீஸில் பேனாவோடு உட்கார்ந்தார். அவள் எதிரில் நின்றாள்.

"சொல்லு தங்கச்சி."

"வலப்பக்கத்த உள்ள போடச் சொல்லுங்க. எடப்பக்கம் மேல வரணும். கொளம்பக் கூடாது, ரெண்டு தடவ எழுதுங்க."

எழுதினார்.

"நான்தான் சொன்னேன்னு எழுதுங்க."

எழுதினார். மை தொட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"போறியா, இல்லையா?"

குஞ்சம்மா வாயைத் திறக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், தபால் பை கட்டப்போகிறார்கள்.