படத்தில் முளைத்த முகமூடி

ஆலையின் நச்சுப்புகைக்குள் புகுந்து சக தொழிலாளர்களை வெளியே இழுத்துப் போட்ட மேஸ்திரி, தாம் மட்டும் திரும்பவில்லை. உயிரோடிருந்தபோது அவர் குரலுக்குக் கதவடைத்த நிர்வாகம், இன்று அவருடைய தலைமைக்கும் துணிவுக்கும் மேடை போட்டு, நினைவு உதவித்தொகை வழங்கியது. முதல் தொகை அவர் மகளுக்கே. அவள் கல்லூரிக்குப் போக வேறு வழியும் இல்லை.

மேடையில் இருந்த படத்தைக் கண்டதும் மேஸ்திரியின் மனைவிக்குப் பொறி தட்டியது.

"ஏண்டி, இது நம்ம வீட்டுப் படம்தானே? உங்கப்பா கழுத்துல இந்தப் புகை முகமூடி எப்படி வந்துச்சு?"

"அதைக் கேட்டுக் கேட்டே அவருக்கு வாய் வலிச்சுதேம்மா!"

"செத்தப்புறமாவது குடுத்தாங்களே, மகராசனுங்க!"

பின்னால் இருந்த ஆலை ஃபிட்டர் குனிந்தார். "அண்ணி, நாளைக்கு விபத்து விசாரணை. இந்தப் படத்தோட நீங்க போட்டோவுக்கு நின்னா, 'முகமூடி நாங்க குடுத்தோம், அவர்தான் போடலை'ன்னு நிர்வாகம் கதை கட்டிரும்."

மேலாளர் காசோலையை நீட்டினார். "வாம்மா, அப்பா படத்துக்குப் பக்கத்துல நின்னு வாங்கிக்க."

மேடையேறிய மகள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். "அப்பாவோட அந்த முகமூடியை முதல்ல காட்டுங்க சார். அப்புறம் வாங்கிக்கறேன்."

தொழிலாளர்கள் இருந்த கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது:

"எங்களுக்கும் காட்டுங்க சார், நாங்களும் பாத்ததில்ல!"