முதலிலேயே கொடுத்த கொசுறு

1

இந்தக் கதை ஒரு கிழிந்த காலுறையில் பிறந்தது. அதைத் தைப்பது எப்படி என்று கைபேசியில் ஓர் அம்மாள் பொறுமையாகச் சொல்லித்தந்தாள். முடிவில் பார்த்தால் ஊசியும் நூலும் அவளிடமே வாங்கியிருந்தேன். வாங்கச் சொல்லி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சும்மா கொடுத்தாலும் முதலில் அதன் விலையைத் தேடுகிறேன். இந்தக் கதையும் சும்மாதான் கிடைக்கிறது. உஷாராகவே படியுங்கள்.

2

கோச்சபம்பா நகரச் சந்தையின் மேல் விடியற்காலைப் பனி மெல்ல...

வேண்டாம். பனியைக் காட்டி ஆள் பிடிப்பது பழைய தந்திரம்.

தெல்ஃபினா அந்தச் சந்தையில் கம்பளி நூல் விற்கிறாள். கடையில் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகள் யோசெலின் ஒரு வழி சொன்னாள்.

"நூலைப் பத்திப் பேசவே பேசாதீங்க அத்தை. பின்னல் மட்டும் சொல்லிக்குடுங்க, நான் படம் புடிச்சு நெட்ல போடறேன். ஜனம் தானா வரும்."

"யாவாரம் முடிஞ்சப்புறம்தாண்டி கொசுறு. முன்னாடியே குடுத்தா வாங்கறவளுக்குச் சந்தேகம் வராதா?"

"இப்போதைக்கு உங்களுக்குத்தான் வருது."

சந்தேகம் இருந்தது. ஆனாலும் கூட்டம் வந்தது.

(இங்கே ஒரு குறிப்பு. இந்தச் சந்தையில் விற்பவளும் வாங்குபவளும் ஒருவரையொருவர் 'காசெரா' என்றே கூப்பிடுவார்கள். காசைக் கொடுத்ததும் "கொசுறு எங்க காசெரா?" என்று கை நீளும். கேட்காமல் போனால் கடைக்காரிக்கு அவமானம்.)

3

ஒரூரோ ஊரிலிருந்து நியேவெஸ் என்றொருத்தி அந்தப் படங்களைப் பார்த்துத் தினமும் கைபேசிக்கு எழுதினாள். முதலில் பின்னல் சந்தேகம், பிறகு சாப்பிட்டாயா, தூங்கினாயா. புருஷன் போனபின் தெல்ஃபினாவை இப்படிக் கேட்ட ஆள் வேறு யாருமில்லை. நியேவெஸ் எழுதாத நாளில் தெல்ஃபினாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் கைபேசியில் தன் பழைய பின்னல் பாடங்களைப் புரட்டினாள். ஒவ்வொன்றின் கீழும் அதே நியேவெஸ், அதே கேள்வி: 'இந்த நூல் எந்தக் கடையில் கிடைக்கும் தெல்ஃபினா?' அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டிருந்தார்கள்.

"நியேவெஸ் நீதானே?"

யோசெலின் கறி அடைத்த சால்தேனியாப் பணியாரத்தின் சாறு சிந்தாமல் உறிஞ்சினாள். "எனக்கு இருக்கற வேலையில உங்களைத் தூங்கினீங்களான்னு கேக்க நேரமேது?"

"அவ அப்படிக் கேட்டது உனக்கெப்படித் தெரியும்?"

"போன் பாதி நேரம் என் கையிலதானே அத்தை இருக்கு."

பொருந்தத்தான் செய்தது. பொருந்தியதே தெல்ஃபினாவுக்குப் பிடிக்கவில்லை.

4

யோசெலினைத் திட்டுமுன் ஒன்று சொல்ல வேண்டும். நியேவெஸை நானும்தான் இட்டுக்கட்டினேன். நீங்கள் இளகட்டும் என்று அந்தச் 'சாப்பிட்டாயா'வை வைத்தவன் நான். யோசெலினாவது நூல் விற்க அப்படிச் செய்தாள், செய்தது அவள்தான் என்றால். நான் எதை விற்க...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

5

ஒரு பெண் கடைக்கு வந்தாள். பச்சை நூலை எடுத்தாள்.

"ஒரூரோலேருந்து வரேன். நான்தான் நியேவெஸ்."

தெல்ஃபினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க காசெரா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வாடியது. பேரம் பேசாமல் காசைக் கொடுத்தாள். கொசுறு கேட்கவில்லை. திரும்பி நடந்தாள்.

சிநேகிதியிடம் கொசுறு கேட்கக் கூச்சமா? அல்லது யோசெலின் அனுப்பிய ஆள், சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டுக் கிளம்புகிறாளா?

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் முடிவில் தெல்ஃபினா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டாவதில் யோசெலின் மாட்டிக்கொண்டாள். இரண்டையும் அடித்துவிட்டேன். ஒன்று உங்கள் கண்ணீருக்கு வைத்த தூண்டில், மற்றது என் சாமர்த்தியத்துக்கு விளம்பரம்.

கேட்காத கொசுறை தெல்ஃபினா வெட்டி வைத்திருக்கிறாள். வழக்கத்தைவிட நீளமான நூல். அந்தப் பெண் உருளைக்கிழங்குக் கடையைத் தாண்டிவிட்டாள். கூப்பிட்டால் இன்னும் காதில் விழும். நியேவெஸ் என்று கூப்பிடுவதா, காசெரா என்று கூப்பிடுவதா, நீங்களே சொல்லுங்கள்.