சீலிங்குக்கு மேலே ஓர் அறை

தச்சர் ஷாஹ்மி நானா சீலிங் பலகையைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, இறங்கிவிட்டார். தலையில் ஒட்டிய ஒட்டடையைத் தட்டியபடி, "சரிவராது தங்கச்சி. அந்த யோசனைய விட்டிருங்க" என்றார்.

"ஏன் நானா? உயரம் பத்தாதா?"

"உயரம் இல்ல... மரமெல்லாம் பழசு."

அவர் அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்பதை யசோதினி கவனித்தாள். ஊற்றி வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வீதிக்குப் போகாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு அண்ணன் சிவஞானத்தின் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்.

பதுளையில் கடை வைத்திருந்த அப்பா ஹாலிஎலவில் கட்டிய தகரக் கூரை வீடு அது. அவர் போன பிறகு, முகட்டுக்கு நேர் கீழே நடுச்சுவர் எழுப்பி அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொண்டார்கள். முன்பாதி அண்ணனுக்கு. பின்பாதியின் இரண்டு அறைகளில் யசோதினி, அவள் கணவன் கஜேந்திரன், மகள் சுபாஜினி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் சுபாஜினி அடுப்படி மேசையில் புத்தகம் விரித்து, குக்கர் விசிலுக்கு நடுவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் மேலே ஓர் அறை கேட்டாள் யசோதினி. அண்ணன் இரண்டு வருசத்துக்கு முன்பே தன் பக்கத்துச் சீலிங்குக்கு மேல் மகன் ரிஷிக்கு அறை போட்டுவிட்டாரே. ஒரே கூரைதானே?

"அவங்க பக்கம் சரிவரும், நம்ம பக்கம் சரிவராதாமா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"தச்சு பாஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ ஏன் எதையாவது கெளப்புற?"

அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அப்புத்தளையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, தகரத்தில் ஒழுக்குப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சாவி வாங்கினார். திரும்பி வந்தபோது மகளின் கட்டிலுக்கடியில் மரத்தூள். சீலிங் பலகையில் புது ஆணிகள். அன்று கரையான் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினாள். கரையான் ஆணி அடிக்குமா?

எங்கள் பக்கத்தையும் மேலேயே வளைத்துப் பிடிக்கப் பார்க்கிறார் என்று முடிவு செய்தாள். நேரில் கேட்டபோது அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமலே, "மேல ஏறாத. உக்கிப் போய் கெடக்கு" என்றார். அவர் முகம் பார்க்காததுதான் அவளை உறுத்தியது.

ஞாயிறு காலை அண்ணன் குடும்பம் கோவிலுக்குப் போனதும் ஏணியைச் சாத்தினாள். முணுமுணுத்துக்கொண்டே கஜேந்திரன் பிடித்துக்கொண்டான்.

போன் வெளிச்சத்தில் முதலில் பட்டது உயரம். நடுச்சுவர்ப் பக்கம் அவள் தாராளமாக நிமிர்ந்து நிற்க முடிந்தது. தட்டிப் பார்த்த மரம் எதுவும் உக்கியிருக்கவில்லை. "பொய்! எல்லாம் பொய்!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். பிறகு வெளிச்சத்தைத் திருப்பினாள்.

கூரையின் இரு சரிவுகளையும் விலகாமல் பிடித்திருக்க, நெஞ்சு உயரத்தில் மூன்று குறுக்குக் கட்டைகள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை ஓடவேண்டும். மூன்றும் நடுச்சுவருக்கு மேலே ரிஷியின் அறையை மறைத்த பலகையோடு அறுபட்டு நின்றன. தாங்க எதுவுமில்லாத சரிவுக்குக் கீழே புது மரத்தில் இரண்டு முட்டுகள் கொடுத்திருந்தார்கள். அவை ஊன்றியிருந்த இடத்துக்கு நேர் கீழே சுபாஜினியின் கட்டில்.

அவள் விறுவிறுவென்று ஏணியில் இறங்கினாள். மகளின் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். கஜேந்திரன் மறுமுனையைப் பிடித்தான். அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அண்ணன் கோவிலிலிருந்து வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

"மூணு கட்டையையும் வெட்டினது யாரு அண்ணே?"

விபூதித் தட்டைப் பிடித்தபடியே சிவஞானம் படியில் உட்கார்ந்துவிட்டார். "நடக்க எடைஞ்சலா இருக்குன்னு ரிஷி சொன்னான். வெளியூர் ஆள் ஒருத்தர வச்சு வெட்டுனேன். போன மழையில கூரை எறங்கின சத்தம் கேட்டுச்சு. அப்பறந்தான் ஷாஹ்மிய வச்சு முட்டுக் கொடுத்தேன். வெளிய சொல்லாதன்னு நாந்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்ல என்ன?"

"நீ சண்டைக்கு வருவன்னு..."

"எம்புள்ள அதுக்குக் கீழ ரெண்டு மாசமாப் படுத்திருக்கா அண்ணே!"

சிவஞானம் விபூதித் தட்டைப் படியில் வைத்தார்.

அந்த வாரமே வேலை நடந்தது. யசோதினி ஷாஹ்மி நானாவை மட்டும் நம்பி விடவில்லை. பண்டாரவளையிலிருந்து இன்னொரு தச்சரை வரவழைத்து நிறுத்தினாள். குறுக்குக் கட்டைகள் மறுபடி முழுநீளமாக ஏறின. ரிஷியின் அறை நடுவே அவை ஓடியதால் அவன் இனிக் குனிந்துதான் போகவேண்டும். இந்தப் பக்கம் மேலே தரைக் கட்டைகளைப் பலப்படுத்தினால் இரண்டு குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை போடலாம், நடமாடத்தான் இடமிருக்காது என்றார் புதுத் தச்சர்.

"மேசை போதும்" என்றாள் சுபாஜினி.

நடுவில் மறுபடி பலகை அடித்து மறைக்கவா என்று தச்சர் கேட்டார். "வேணாம். அந்தப் பக்கம் தெரியட்டும்" என்றாள் யசோதினி.

கீழே நின்ற சிவஞானத்துக்கு அது கேட்டது. "இன்னும் எம்மேல சந்தேகமா?"

"அத இப்ப கேக்காதீங்க அண்ணே" என்றாள். மேசைக்காலை மேலே தூக்கிக் கொடுக்க அவர் கை நீட்டியபோது, அவள் தடுக்கவில்லை.